வடிவாப் போட்ட உப்பு

இல்லைப் பிள்ளை, அதுதான் பிழை. முதல்ல அந்த நினைப்பைத் திருத்தவேணும், மிச்சமெல்லாம் பிறகு. உப்பு பனியை உருக்கிறேல்லை. உலகத்திலை அரைவாசிச் சனம், உப்பு ஏதோ நெருப்பு மாதிரிப் பனியைச் சுட்டு உருக்குது எண்டு நம்பிக்கொண்டு சீவிச்சு, நம்பிக்கொண்டே செத்தும் போகுது. இல்லை! பனிக்கட்டியின்ரை மேலாலை எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உப்பு அந்த ஈரத்துக்குள்ளை போய்க் குந்திக்கொண்டு, "நீ திரும்ப உறையக்கூடாது" எண்டு மறிக்குது. அவ்வளவுதான். மறியல். பனி தன்ரை பாட்டுக்கு உருகுது, பேர் உப்புக்குப் போகுது. விளங்குதே?

சும்மா சொல்லேல்லை நான். மருந்துக் கொம்பனி ஆய்வுகூடத்திலை வருசக்கணக்காத் தராசிலை உப்பு நிறுத்தவன். உப்பிலை எத்தினை சாதி இருக்கெண்டு தெரியுமே உங்களுக்கு? நீங்கள் கறிக்குப் போடுறது அதிலை ஒண்டு, ஆகக் கடைசி... சரி, அது கிடக்கட்டும்.

நில்லுங்கோ, ஏன் கதவடிக்குப் போறியள்? சனிக்கிழமைதானே, வேலை இல்லையே. கடைக்கோ? கடை எங்கை ஓடப்போகுது. நான் ராத்திரித்தான் ஹாலே நகரத்தாலை வந்தனான். விடிய எழும்பி யன்னலாலை எட்டிப் பாத்தன். பாத்த உடனை இந்தச் செருப்போடையே இறங்கி ஓடி வந்திட்டன். என்ரை மனிசி புஸ்பவதி மேலையிருந்து கத்துறா, சப்பாத்தைப் போடுங்கோ எண்டு. முப்பது வருசமாக் கத்துறா, அது வேறை கதை.

இப்ப இதைப் பாருங்கோ. இந்த நடைபாதையைப் பாருங்கோ. சுவரிலையிருந்து றோட்டு மட்டும் ஒரே பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி. அதுக்கு நடுவிலை, கறுப்புக் கறுப்பா, வளைஞ்சு வளைஞ்சு, ஒண்டுக்குள்ளை ஒண்டு நுழைஞ்சு... இது என்ன பிள்ளை?

சிக்குக் கோலம். ஓம், எனக்கும் தெரியுது சிக்குக் கோலம் எண்டு. நான் கேக்கிறது அதில்லை.

சீச்சீ, நான் உங்களைப் பேசேல்லை, கதைக்கிறன். எங்கடை தமிழிலை பேசுறது எண்டா ஏசுறது. உங்களை நான் ஏன் ஏசப்போறன்? கோலம் நல்ல வடிவு. அதிலை எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஒரு வளைவுகூடப் பிசகேல்லை, உந்தக் குளிருக்கை கை நடுங்கியிருக்கவேணும், நடுங்கேல்லை. கெட்டித்தனம். ஆனா அது உப்பு, பிள்ளை. உப்பு! நீங்கள் போட்டது வெள்ளைக் கோலம். விடியிறதுக்குள்ளை உப்பு தன்ரை வேலையைக் காட்டி, கோட்டடியிலை இருந்த பனியெல்லாம் தண்ணியாப் போய், கீழ இருக்கிற தார் கறுப்பாத் தெரியுது. மிச்ச இடமெல்லாம் அப்பிடியே கட்டி. கோலத்தைப் பனியிலை வெட்டி வைச்சிருக்கிறியள். இனிப் பங்குனி வரைக்கும் அழியாது.

அங்கிள் எண்டு சொல்லாதேங்கோ. அண்ணை எண்டு சொல்லுங்கோ. அங்கிள் எண்டா எனக்கு ஆரோ ஆசுப்பத்திரியிலை கூப்பிடுற மாதிரிக் கிடக்கு.

நீங்கள் புதுசு, கார்த்திகையிலைதானே மூண்டாம் மாடிக்கு வந்தனீங்கள். உங்களுக்கு இந்த வீட்டின்ரை சரித்திரம் தெரியாது. இந்த வீட்டிலை உப்புக்குத் தடை. ஊருக்கு ஊர் சட்டம் வேறை, இஞ்சை வீட்டுக்கு வீடு வேறை. இந்த வீட்டுத் தடையைக் கொண்டுவந்தது ஆர்? நான். மூண்டு பனி மாரிக்கு முந்தி, கீழ உடுப்புத் தோய்க்கிற அறையிலை எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சனான். ஆறு குடித்தனம், ஆறும் வந்தது. உந்த மரத்தைப் பாருங்கோ, வாசலிலை நிக்கிற லிண்டன் மரம். ஒரு பக்கம் பட்டுப்போய் நிக்குதே, ஏன்? உப்பு. மண்ணுக்குள்ளை இறங்கி வேரைத் தின்னுது. நாய்க்கு உள்ளங்கால் வெடிக்குது. சீமெந்து பொரியுது. சப்பாத்திலை வெள்ளை வெள்ளையாப் பூக்குது. எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்துச் சொன்னனான். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கடைசியிலை எல்லாரும் கை உயத்திச்சினம். புஸ்பவதி சொல்லுறா, அவை கை உயத்தினது உங்கடை கதை முடியவேணும் எண்டு. பொறாமை.

எல்லாரும் எண்டு சொல்லேலாது. லோமான் கை உயத்தேல்லை. கீழ் வீட்டு ஹெர் லோமான், திருவாளர் லோமான், அந்த உயர்ந்த மனிசன், காதுக்குள்ளை மயிர் வளர்ந்தவர். அவரிட்டை ஒரு பெரிய மூட்டை உப்பு இருந்தது. நான்தான் கூட நிண்டு அதைக் கொண்டுபோய்க் கடையிலை திருப்பிக் குடுப்பிச்சனான். மனிசன் மூட்டையைக் காருக்குள்ளை ஏத்தேக்கை முகத்தைப் பாக்கோணும்... பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விடப் போற மாதிரி. அண்டையிலையிருந்து இந்த வீட்டிலை மணலும் கல்லுத்தூளும்தான். அண்டையிலையிருந்து இந்த றோட்டிலை விஜயரத்தினம் எண்டா உப்பில்லாத மனிசன். அது ஒரு பேர், பிள்ளை. நாடு விட்டு நாடு வந்தவனுக்கு ஒரு பேர் எடுக்கிறது எவ்வளவு கஸ்ரம் எண்டு உங்களுக்கு இனித்தான் விளங்கும்.

இப்ப அந்த உப்பில்லாத மனிசன்ரை பனி வழிக்கிற முறையிலை, அவன்ரை வாசலிலை, ஊரே பாக்க உப்பாலை கோலம்!

நேற்று என்ன நடந்தது தெரியுமே? நீங்கள் வேலைக்குப் போட்டியள். புஸ்பவதி யன்னலாலை கண்டவா. தபால்காரர் வந்திருக்கிறார், கையிலை ஒரு பெரிய பொதி. நடைபாதையிலை கால் வைச்சவுடனை வழுக்கியிருக்கு. மனிசன் கெட்டிக்காரன், குனிஞ்சு பாத்திருக்கிறார். கறுப்புக் கோட்டிலை மட்டும் பனி இல்லை. சரி, இதுதான் பாதையாக்கும், ஆரோ வெட்டி விட்டிருக்கினமாக்கும் எண்டு கோட்டைப் பிடிச்சு நடக்கத் துடங்கியிருக்கிறார்.

சிக்குக் கோலத்துக்குத் துடக்கம் எங்கை பிள்ளை, முடிவு எங்கை?

அதுதான்! முடிவு இல்லை! மனிசன் கதவடிக்கு வாறாராம், கோடு வளைஞ்சு போகுது, அவரும் வளைஞ்சு போறாராம். மரத்தடிக்குப் போறாராம், திரும்பக் கதவடிக்கு வாறாராம், எட்டிக் கையை நீட்டுறாராம், அதுக்குள்ளை கோடு அங்காலை திரும்பீட்டுதாம். பொதியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கோயில் சுத்துற மாதிரிச் சுத்தியிருக்கிறார். புஸ்பவதிக்குச் சிரிப்புத் தாங்கேலாமல் யன்னலைச் சாத்திப்போட்டா. கடைசியிலை லோமான் வெளியிலை வந்து, அவர் கதவடியாலை போகேக்கை சட்டைக் கையிலை எட்டிப் பிடிச்சு இழுத்து எடுத்தவராம், ஆத்திலை போறவனை இழுக்கிற மாதிரி.

சிரியாதேங்கோ. சரி, கொஞ்சம் சிரியுங்கோ.

ஆனா லோமான் சிரிக்கேல்லையாம். லோமான் கீழ குனிஞ்சு, விரலாலை கோட்டைத் தொட்டு, நாக்கிலை வைச்சுப் பாத்தவராம். பிறகு ஒண்டும் சொல்லாமல் உள்ளுக்குப் போட்டாராம். அதுதான் எனக்குப் பயம். சத்தம் போடுறவனுக்கு நான் பயப்பிடமாட்டன். நக்கிப் பாத்திட்டுச் சத்தமில்லாமல் போறவனுக்குத்தான் பயம்.

நான் என்ன சொன்னனான் உங்களுக்கு? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வியாழக்கிழமை பின்னேரம் போனிலை. இந்தக் கிழமை பனி வழிக்கிற முறை என்ரை. ஆற்றை முறையெண்டு காட்டுற பலகை என்ரை கதவிலைதான் தொங்குது. ஆனா நான் ஹாலேயிலை நிக்கிறன். அங்கை ஒரு பழைய சுவடிக்கூடத்திலை, அந்தக் காலத்திலை கப்பலிலை போன பாதிரிமார் எழுதின தமிழ்க் காயிதமெல்லாம் கிடக்கு, அதுகளைப் பாக்கப் போனனான். இருநூறு, முந்நூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரர், ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாங்கள். எங்கடை தமிழ்ச் சங்க விழா நோட்டீசைப் பாத்தா எனக்கு அழுகை வருது... என்னத்தைச் சொல்ல வந்தனான்? ஓம், றெயில். பனியாலை றெயில் ஓடேல்லை. புஸ்பவதிக்கு முழங்கால் ஏலாது. அப்ப உங்களுக்குப் போன் அடிச்சனான். நீங்கள் சொன்னியள், "பனி கொட்டுது அங்கிள்" எண்டு. பனி கொட்டாது, பெய்யும், அதை அப்பவே திருத்தினனான். திருத்திப்போட்டு என்ன சொன்னனான்? "சவளாலை வழிச்சுப்போட்டு, கீழ கெல்லர் நிலவறையிலை வாளி இருக்கு, எடுத்து வாசலிலை வடிவாப் போட்டுவிடுங்கோ பிள்ளை."

வடிவா!

என்ன? அழகாவோ? ஆர் சொன்னது அழகா எண்டு? வடிவா எண்டா வடிவா! ஒழுங்கா, ஒரு இடமும் விடாமல், நிறைய! "வடிவாச் சாப்பிடுங்கோ" எண்டா அலங்காரமாச் சாப்பிடுறதே? "கதவை வடிவாப் பூட்டினனீங்களோ" எண்டு கேட்டா, பூட்டுக்குப் பூ வைச்சனீங்களோ எண்டே கருத்து? டொக்டர் என்னை "வடிவா மூச்சு விடுங்கோ" எண்டா நான் என்ன நாட்டியமே ஆடுறது?

ஓம்... ஓம். அதுகும் சரிதான். மார்கழி மாசம், வாசல், வடிவாப் போடு எண்டு ஒரு தமிழ் மனிசன் சொல்லுறான். திருச்சியிலை பிறந்த பிள்ளைக்கு வேறை என்ன விளங்கும். எங்கடை ஆக்கள் பொங்கலுக்குத்தான் கோலம் போடுறது, உங்கடை பக்கம் மார்கழி முழுக்க எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். சரி, வடிவா எண்ட சொல்லை நான் மன்னிக்கிறன். ஆனா வாளி? கெல்லரிலை, படி இறங்கின உடனை, கண்ணுக்கு முன்னாலை பெரிய வாளி கிடக்கு. கல்லுத்தூள் எண்டு டொச்சிலை, ஜேர்மன் பாசையிலை, கொட்டை எழுத்திலை எழுதிக் கிடக்கு. அதை விட்டிட்டு, ஏன் என்ரை தட்டுக்குப் பின்னாலை, பழைய கம்பளிக்குக் கீழ இருந்த சின்ன வாளியைத் தேடி எடுத்தனீங்கள்?

தமிழிலை எழுதியிருந்தது எண்டோ?

...

ஓம். தமிழிலைதான் எழுதியிருந்தது. "வாசலுக்கு மட்டும்."

நான்தான் எழுதினனான்.

கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ. லோமான்ரை யன்னல் இதுதான். அவருக்குத் தமிழ் விளங்காது, எண்டாலும்.

தமிழிலை ஏன் எழுதினனான் எண்டு கேக்கிறியள். இந்த வீட்டிலை தமிழ் வாசிக்கிற ஆள் ஆர் இருந்தது? நானும் புஸ்பவதியும். பத்து வருசமா இந்த வீட்டிலை தமிழ் எழுத்தை விடப் பெரிய பூட்டு இல்லை. சீனி டப்பா, மருந்துப் பெட்டி, எல்லாம் தமிழிலை. ஒருத்தரும் தொடமாட்டினம். இப்பிடித் தமிழ் வாசிக்கிற பிள்ளையொண்டு மூண்டாம் மாடிக்கு வரும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. பூட்டுக்குத் திறப்பு வீடு தேடி வந்த மாதிரி.

உப்பு ஏனோ? உப்பில்லாத மனிசனிட்டை உப்பு ஏன் எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. இஞ்சை பாருங்கோ, இது தத்துவப் பிரச்சினை. நடைபாதை வேறை, படி வேறை. மரத்தின்ரை வேர் நடைபாதைக்குக் கீழ இருக்கு, படிக்குக் கீழ இல்லை. கன ஊர்ச் சட்டத்திலை படிக்கு விலக்கு இருக்கு. அதாலை படியிலை கொஞ்சம், ஒரு கைப்பிடி... கொள்கைக்கு ஒரு பழுதும் இல்லை.

போன மாரியிலை நான் இந்தப் படியிலைதான் விழுந்தனான். தடை கொண்டுவந்த ஆள், தடையாலை, தடை போட்ட வாசலிலை. நல்ல வேளை, ஒருத்தரும் காணேல்லை. இடுப்புப் பிடிச்சது சவளாலை பனி வழிச்சதாலை எண்டு எல்லாருக்கும் சொன்னனான். அடுத்த நாளே வாளி வாங்கிப்போட்டன். விடியப்புறம், ஒருத்தரும் எழும்ப முந்தி, ஒரு பிடி. அவ்வளவுதான். எட்டு மணிக்குச் சனம் வெளியிலை வரேக்கை என்ரை முறையிலை மட்டும் படி காய்ஞ்சு, சுத்தமாக் கிடக்கும்.

அதிலையும் ஒரு சிக்கல் வந்தது. லோமான் கேட்டார், "ஹெர் விஜயரத்தினம், உங்கடை முறையிலை மட்டும் எப்பிடிப் படி இப்பிடி இருக்கு?" நான் என்ன சொல்லுறது? வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். பனி கூட்டுற தும்புத்தடி எண்டன். தும்புத்தடியைப் பிடிக்கிற கோணத்திலை இருக்கு எண்டன். இடதுபக்கத்தாலை துடங்கி, சரிவாப் பிடிச்சு, அழுத்தாமல், கடைசியிலை மணிக்கட்டை ஒரு சுழட்டுச் சுழட்டினா, பனி தன்ரை பாட்டிலை விட்டிட்டு வரும் எண்டு விளக்கினனான். மனிசன் நம்பீட்டார். பிள்ளை, அந்த மனிசன் போன தையிலையிருந்து அந்தச் சுழட்டைப் பழகுறார். ஒவ்வொரு பனிக்கும் யன்னலாலை பாக்கிறன். சுழட்டிச் சுழட்டிப் பாத்திட்டு, படியைப் பாத்து யோசிப்பார். ஒருக்காத் தோள்மூட்டுக்குக் களிம்பு பூசிக்கொண்டு வந்து என்னட்டைச் சரிபாத்தவர்.

விளங்குதே இப்ப? கோலம் பெரிய விசயமில்லை. வாளியைக் கண்டார் எண்டா, உப்புத் தடையும் போச்சு, தும்புத்தடியும் போச்சு, விஜயரத்தினமும் போச்சு. இந்த வீட்டிலை நான் இனி ஆற்றை முகத்தைப் பாக்கிறது?

அதாலை நான் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். வடிவாக் கேளுங்கோ... வடிவா எண்டா கவனமா. நீங்கள் புது ஆள். புது ஆள் பிழை விட்டா இவை ஒண்டும் சொல்லாயினம். லோமான் கேட்டா, கோலம் போட்டது நீங்கள் ஊரிலையிருந்து கொண்டு வந்த பொடி. பாரம்பரியப் பொடி. உப்புக் கலந்தது எண்டு உங்களுக்கே தெரியாது. கலாசாரம் எண்ட ஒரு சொல்லைப் போட்டாக் காணும், இவை அதுக்குப் பிறகு வாயே திறக்காயினம். பயப்பிடாதேங்கோ, உங்களுக்கு டொச்சு வராதெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் உங்கடை தமிழிலை ஏதாவது சொல்லுங்கோ, மிச்சத்தை நான் மொழிபெயர்க்கிறன். பொய் எண்டு நினைக்காதேங்கோ. மொழிபெயர்ப்பிலை கொஞ்சம் கூடிக் குறையிறது வழமை. ஹாலேயிலை கிடக்கிற காயிதத்தைப் பாத்தாத் தெரியும்.

என்ன யோசிக்கிறியள்? மரியாதைக்குத்தான் கேக்கிறன், பிள்ளை. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. நாளைக்குப் புஸ்பவதியைக் கொண்டு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்...

உஸ்! கதவு திறக்குது.

அவர்தான். சிரியுங்கோ. தலையை மேலை கீழையா ஆட்டுங்கோ. பக்கவாட்டிலை ஆட்டிப்போடாதேங்கோ, அதை இவை இல்லை எண்டு விளங்குவினம். குட்டன் மோர்கன், ஹெர் லோமான்! ... ஓம், ஓம், நல்ல குளிர். ... இவவோ? இவ மதுமதி, மூண்டாம் மாடி. பாவம், டொச்சு...

என்ன?

பிள்ளை. உங்களுக்கு டொச்சுத் தெரியுமே? எப்ப... திருச்சியிலையே படிச்சனீங்களோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் கேக்கேல்லை எண்டோ? அதுக்கு நான் எங்கை இடம் விட்ட... கொஞ்சம் பொறுங்கோ, இலக்கணப்படி அந்த இடத்திலை "டேர்" இல்லை, "டேம்" வரவேணும்... ஓ. "டேம்" எண்டுதான் சொன்னனீங்கள். சரிதான்.

நீங்கள் ஏன் நிலவறையைப் பற்றிச் சொல்லுறியள்? பொடி, பொடியைச் சொல்லுங்கோ! ஊர்! கலாசாரம்!

தட்டுக்குப் பின்னாலை எண்டு சொல்லிப்போட்டியள்.

கம்பளியையும் சொல்லிப்போட்டியள்.

போறார். கெல்லருக்குத்தான் போறார், படி இறங்கிற சத்தம் கேக்குது. ஐயோ பிள்ளை, என்ன வேலை பாத்தனீங்கள்! அவர் கேட்டார், நீங்கள் சொன்னீங்கள், அவ்வளவுதானோ? கேட்டதுக்கெல்லாம் சொல்லுறதே? நான் இவ்வளவு நேரம் நிண்டு கதைச்சது என்ன... மரத்துக்கே விளங்கியிருக்கும். எழுத்தையும் சொன்னனீங்களோ? என்ன எண்டு மொழிபெயர்த்தனீங்கள்? ... "நுவர் ஃபுயர் டென் ஐங்காங்". ம். சரியான மொழிபெயர்ப்பு. அதிலை ஒரு குறையும் சொல்லேலாது.

தும்புத்தடியைப் பற்றிச் சொல்லேல்லைத்தானே? இல்லையே? அப்பிடியெண்டா இன்னும் ஒரு வழி கிடக்கு. உப்பு படிக்கு வைச்சது, ஆனா பாவிக்கேல்லை, ஆபத்துக்கு எண்டு...

வாறார்.

வாளி கையிலை.

ஹெர் லோமான், நான் விளங்கப்படுத்துறன், அது ஒரு தத்துவப்... 

என்னைப் பாக்கவேயில்லை. உங்களைத்தான் பாக்கிறார். வாளியை உங்கடை கையிலை தாறார், பிடியுங்கோ, பாரம். என்ன சொல்லுறார், மெதுவாச் சொல்லுறார், காது கேக்கேல்லை... நீங்கள் ஏன் சிரிக்கிறியள்?

கோலம் நல்லாக் கிடக்காம். அந்த வலதுபக்க வளைவைக் குப்பைத்தொட்டியடி வரைக்கும் நீட்டிவிட ஏலுமோ எண்டு கேக்கிறார்.